நான்கு மருந்துகளுக்கும் கட்டுப்படாத பாக்டீரியா

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் சீதபேதி பரவலாகக் காணப்பட்டது. இந்நோயை உண்டாக்குவது ஷிகெல்லா என்னும் பாக்டீரியா. இதற்குச் சல்ஃபா மருந்துகளும், பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் ஆகியனவும் கொடுக்கப்பட்டன. 1955-ஆம் ஆண்டில், ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒரு பெண்ணிடமிருந்து பிரித்தெடுத்த ஷிகெல்லா, இந்த நான்கு மருந்துகளில் எதற்கும் கட்டுப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய நோயாளிகள் பெருகினர்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஜீனில் தற்செயலாக ஏற்படும் சடுதி மாற்றத்தால் ஒரு பாக்டீரியா ஒரு மருந்தை எதிர்க்கும் திறனைப் பெறக்கூடும். கோடி செல்களில் ஒன்றில் இது நிகழ்வதாகக் கொள்வோம். நான்கு மருந்துகளுக்குரிய மாற்றங்களும் ஒரே செல்லில் ஒருசேர நிகழ வேண்டுமானால், 10²⁸ செல்களில் ஒன்றில்தான் அது இயலும். ஒரு பாக்டீரியாவின் நிறை ஏறத்தாழ 10⁻¹² கிராம். அப்படியானால் 10²⁸ பாக்டீரியாக்களின் நிறை ஆயிரம் கோடி டன்! எந்த நோயாளியின் குடலில் அவ்வளவுக்கு இடமிருக்கிறது?

மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் குளோராம்ஃபெனிகால் ஒன்றை மட்டுமே உட்கொண்ட நோயாளிகளிடமும் நான்கையும் எதிர்க்கும் ஷிகெல்லா தோன்றியது.

கைமாறும் ஜீன்கள்

அந்நோயாளிகளின் குடலில் வழக்கமாக வாழும் ஈ. கோலி பாக்டீரியாவும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது. இதுவே புதிரை விடுவித்தது. 1959-60 ஆண்டுகளில் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள், எதிர்ப்புத் திறனுள்ள ஈ. கோலியையும் அத்திறனற்ற ஷிகெல்லாவையும் ஒரே குடுவையில் வளர்த்தன. ஷிகெல்லா நான்கு திறன்களையும் ஒருசேரப் பெற்றுவிட்டது! செல்களை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் சேர்த்தபோது இவ்வாறு நிகழவில்லை. ஆகவே, செல்லும் செல்லும் தொட்டுக்கொள்வது அவசியம் என்பது தெளிவாயிற்று.

கைமாறுவது பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையம். நான்கு எதிர்ப்பு ஜீன்களும் அதில் அமைந்துள்ளன. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றுவதுபோல, கொடுக்கும் செல் தன் வளையத்தை இழப்பதில்லை; அதன் நகலையே அளிக்கிறது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு மருந்தை உட்கொள்ளும்போது, அதற்குப் பணியும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. வளையம் உடையவை எஞ்சிப் பெருகுகின்றன. அவற்றோடு மற்ற மூன்று மருந்துகளுக்கான எதிர்ப்பும் பெருகிவிடுகிறது. வேறு மருந்துகள் பலனளிக்காதபோது கையாளப்படும் கோலிஸ்டினை எதிர்க்கும் ஜீன் ஒன்றும் பிளாஸ்மிட்டில் அமைந்திருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தனர்.

சாதாரண சளிக்காக மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் மாத்திரை, சளியை உண்டாக்கும் வைரசை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் குடலிலுள்ள இந்த வளையங்களுக்கு அது வழிவிடுகிறது. பின்னொரு நாள் உயிர் காக்க வேண்டிய மருந்து, அதனால் பயனற்றுப் போகலாம்.