கொட்டகையைப் பார்த்துப் பால் வாங்குங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இன்னும் ஒரு வசதி மிச்சமிருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டிச் சற்று தூரம் போனால் கறவை மாடு கட்டியிருக்கும் வீடு வந்துவிடும். பாக்கெட் பாலை விட்டுவிட்டு அங்கே வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். தெரிந்த மாட்டின் பால் வேண்டும் என்பது ஒன்று. அதைக் காய்ச்சாமல் பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்பது இன்னொன்று. முதலாவது நியாயம், இரண்டாவது ஆபத்து. பாலில் வரும் கெடுதல்களில் அடுப்பில் தீர்பவையும் உண்டு, எவ்வளவு கொதித்தாலும் தீராதவையும் உண்டு. தீராதவற்றைக் கண்ணால் பார்த்துத் தவிர்க்கத்தான் மாட்டுக்காரர் வீடு வரை போகிறோம். மற்றதை அடுப்பிடம் விட்டுவிட வேண்டும்.

ஆகவே முதல் நாள் தூக்குவாளியோடு போகாதீர்கள்; சும்மா போய்த் தீவனத்தைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. எல்லோரும் பயப்படுகிற, உடலுக்குக் கேடான கலப்படம் அதில் 12 மாதிரிகளில்தான் அகப்பட்டது. ஆனால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88. கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் உண்டாகிற நஞ்சு இது. மாடு தின்ற மறுநாளே பாலில் வந்துவிடும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான், அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. காய்ச்சினாலும் போகாது, பாக்கெட்டில் அடைத்தாலும் போகாது. சொல்லப்போனால், அந்த ஆய்வில் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் தென்பட்டது.

டெல்டாவில் இதற்கென்று ஒரு பருவமே உண்டு. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டுதான் வரும். வைக்கோல் ஈரத்தோடு போரேறும். பிண்ணாக்கு மூட்டையும் அதே ஈரத் தரையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால்தான் கொட்டகையின் லட்சணம் தெரியும். மூட்டை பலகைமேல் ஏறி, சுவரை ஒட்டாமல் இருக்கிறதா பாருங்கள். பிண்ணாக்கில் ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாசம் வந்தால் சரி. முக்கல் வாடை அடித்தாலோ, உடைத்த இடத்தில் பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தாலோ யோசிக்க வேண்டும். வைக்கோலை உதறினால் சாம்பல் நிறத் தூள் பறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பூஞ்சை பிடித்ததைக் கொட்டிவிடுகிற வீட்டையும், தவிட்டோடு கலந்து வைத்துவிடுகிற வீட்டையும் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். பாக்கெட் வாங்குகிறவருக்கு இந்தப் பார்வை கிடையாது.

அடுத்தது மடி. கறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். காம்பைக் கழுவித் துடைக்கிறாரா, முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியே விடுகிறாரா என்று கவனியுங்கள். அந்த முதல் பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கிண்ணத்திலோ பிடித்தால், மடிநோய் உள்ள மாட்டில் திரிதிரியாகத் தெரியும். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருந்தைப் பொறுத்து மூன்று நாளோ அதற்கு மேலோ பாலை விற்கக் கூடாது. மருந்தின் மிச்சமும் காய்ச்சினால் முழுக்கப் போகிற சமாசாரம் அல்ல. அதே 2018 ஆய்வில் 77 மாதிரிகளில் அது வரம்பை மீறியிருந்தது. ஆனால் மாட்டுக்காரருக்கு அந்த மூன்று நாள் பால் என்பது மூன்று நாள் வருமானம். ‘ஊசி போட்டால் சொல்லிவிடுங்கள், அந்த நாட்களுக்கும் பணத்தைக் குறைக்க மாட்டேன்’ என்று முதலிலேயே பேசிவிடுவதுதான் புத்திசாலித்தனம். உண்மை பேசுவதால் நஷ்டம் வரும் என்றால் யாரும் பேச மாட்டார்கள். மாடு கன்று வீசியதுண்டா என்றும் கேளுங்கள். கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ் பால் வழியே மனிதருக்கும் தொற்றும்; விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இதற்கான தடுப்பூசி போடும் மத்திய அரசுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. சந்தேகமான மடியை மாட்டுக்காரர் காட்டுவதற்கு ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

விலைக்கு வருவோம். சங்கத்தில் ஊற்றினால் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாய் என்று ஆவின் 2022 நவம்பரில் உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அதைவிடக் கணிசமாகக் கூடக் கொடுங்கள். பேரம் பேசிக் குறைத்த காசுதான் பாலில் தண்ணீராகத் திரும்பி வரும். தண்ணீரைப் பார்க்க லாக்டோமீட்டர் போதும். நல்ல பசும்பால் 28-லிருந்து 32 வரை காட்டும். கறந்த சூட்டோடு நுரையில் விட்டால் குறைத்துக் காட்டும் என்பதால், நுரை அடங்கி, கருவியில் குறித்திருக்கும் வெப்பத்துக்கு வந்தபிறகு பார்க்க வேண்டும். ஏடெடுத்த பாலில் தண்ணீர் விட்டாலும், சர்க்கரை போட்டாலும் கருவி ஏமாந்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். உம்பளாச்சேரிப் பால் என்று இரட்டை விலை சொல்பவரிடம் மட்டும் கொஞ்சம் நிதானம். அது சேற்று வயலில் ஏரும் வண்டியும் இழுக்க வளர்த்த இனம். நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தாலே பெரிது. தினம் குடம் குடமாக அந்தப் பால் ஒருவரிடம் இருக்கிறது என்றால் எத்தனை மாடு கட்டியிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். நாட்டு மாடா சீமை மாடா என்று கிருமி பார்ப்பதும் இல்லை.

இனி அடுப்பு. எவர்சில்வர் தூக்கில் வாங்குங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தைக் கழுவ முடியாது. சித்திரை வெயிலில் பால் சீக்கிரம் கெடும், கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏறிவிட வேண்டும். பால் பொங்கி வந்ததும் இறக்கிவிடுவது பலருடைய பழக்கம். மேலே ஏடு கட்டி நுரை எழும்போது பால் முழுவதும் ஒரே சூட்டில் இருக்காது. பொங்கியதும் தீயைக் குறைத்து, அடிவரை துழாவி, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தயிர் உறையூற்றுவதும் இந்தப் பாலில்தான். சீம்பாலையும் வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைத்தே சாப்பிடுங்கள். காய்ச்சும்போது திரிந்தால் பால் பழசு என்று தெரிந்துவிடும். திரியாததாலேயே புதுசு என்று சொல்லிவிட முடியாது, ஆப்ப சோடா போட்டாலும் திரியாது.

காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும் என்பார்கள். புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியேதான் இருக்கும். சில பி வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பச்சைப் பால் வயிற்றுக்கு எளிது, பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் குடிக்கலாம் என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் பால் ஒவ்வாத 16 பேருக்குப் பச்சைப் பாலையும் பதப்படுத்திய பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவில், பச்சைப் பாலால் செரிமானம் மேம்படவில்லை. கொஞ்சம் கனமான வாதம் ஒன்றுதான்: ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, பண்ணையின் பச்சைப் பால் குடித்தவர்களுக்கு ஆஸ்துமா குறைவு என்று 2011-இல் சொன்னது. அதைச் செய்தவர்களே, கிருமி ஆபத்து இருப்பதால் பச்சைப் பாலைப் பரிந்துரைக்க முடியாது என்றும் எழுதினார்கள். பண்ணைப் பாலை எந்திரத்தில் பிடித்து விற்ற இத்தாலி, காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று அறிவிப்பு வைக்கும்படி 2008-இல் உத்தரவே போட்டது. நம் முன்னோர் பச்சையாகத்தானே குடித்தார்கள் என்பவர்களுக்கு ஒன்று: நம் வழக்கத்தில் பச்சைப் பால் அபிஷேகத்துக்கு, குடிப்பதற்குக் காய்ச்சிய பால். புது வீடு புகுந்தாலும் நாம் முதலில் செய்வது பால் காய்ச்சுவதுதான்.

கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் காய்ச்சாத பால் ஒரு வாய்கூட வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மாட்டுப்பாலே வேண்டாம். நாலு வீடு பார்த்தும் தீவன மூட்டையைத் திறந்து காட்டுகிறவர் ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் ஆவின் பாக்கெட்டுக்கே திரும்பிவிடுங்கள்.