வாடகை வீடு: அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வர செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னையில் வாடகை 15,000 என்றால் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். காலி செய்யும்போது கைக்கு வருவது பல வீடுகளில் ஒன்றேகால் லட்சம்தான். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, கிளீனிங்குக்கு மூவாயிரம், 'பைப் வேலை'க்கு ஏழாயிரம் என்று கணக்குச் சொல்வார்கள். பில் கேட்டால் முகம் மாறும்.

வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டம் உங்களுக்குச் சாதகமாகப் பல விஷயங்கள் சொல்கிறது. ஆனால் நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைத்தான் அது முதலில் பார்க்கும்.

செய்ய வேண்டியவை

• டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேரம் பேசுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் விட்டுவைத்திருக்கிறது. பத்து மாதத்துக்கு நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டபிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

• அக்ரிமென்ட்டில் பெயிண்டிங் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். அதிகம் பேர் பணத்தை விடுவது அங்கேதான். எந்தச் செலவு யாருடையது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பட்டியலே போட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கெய்சர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் உங்கள் செலவு. ஆனால் 'காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்ற வரியோடு கையெழுத்துப் போட்டுவிட்டால், அட்டவணை உங்களுக்குக் கை கொடுக்காது. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், 'பில் காட்டி, உண்மையான செலவில் பாதி' என்றாவது மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிடிவாதம் பிடிக்கிற வீட்டுக்காரர்கள் குறைவு. நல்ல ஆள் கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் அதிகம். கேட்டால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

• ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். 'பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு வேண்டாம்' என்று புரோக்கர் சொல்வது பழைய கதை. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் இந்தச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு எண் இல்லாத காகிதத்தை நீட்டிக்கொண்டு பிறகு நியாயம் கேட்பது கடினம்.

• கையெழுத்தான ஒரிஜினல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாளுக்குள் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. ஜெராக்ஸ் போதாது.

• சாவி வாங்கிய அன்றே, சாமான் ஏற்றும் முன், வீட்டை வீடியோ எடுங்கள். ஆணி ஓட்டை, ஓதம் பிடித்த சுவர், கீறல் விழுந்த டைல்ஸ், தளர்ந்த கீல், இபி மீட்டர் ரீடிங் எல்லாம் தெரிய வேண்டும். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

• வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள். முன்பு குடியிருந்தவர், புரோக்கர், பெயிண்டர் என்று யார் யாரிடம் சாவி இருக்கிறதோ. கதவுப் பூட்டு மாற்றுவது குடியிருப்பவர் செலவு என்றுதான் அட்டவணையும் சொல்கிறது. பழைய பூட்டை எடுத்து வையுங்கள். போகும்போது மாட்டிக் கொடுத்துவிடலாம்.

• வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிச் சொல்லச் சொல்லுங்கள். வீடு அவருடையதாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்கு முன்பே காரணம், நாள், நேரம் மூன்றையும் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வரலாம். மோட்டாரைப் பார்க்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு வீடு காட்டுகிறேன் என்று நினைத்தபோது கதவைத் திறக்கிற உரிமை அவருக்கு இல்லை. சண்டை வேண்டாம்; ஒரு மெசேஜ் போதும்: 'சார், அடுத்து வர்றவங்களுக்கு வீடு காட்டணும்னா முந்தின நாளே சொல்லிடுங்க. நாங்க இருக்கும்போது வந்து பார்த்துக்கட்டும்.'

• காலி செய்யும் அன்று ரீடிங்கைப் படமெடுத்து, இபி பாக்கியை முடியுங்கள். இங்கே பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. 'பில் வரட்டும், பார்க்கலாம்' என்று அட்வான்ஸை இழுத்தடிக்க அதுவே சாக்காகிவிடும்.

• ஒரு மாதம் தாண்டியும் அட்வான்ஸ் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தரப்பில் உண்மையான பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியை வீட்டுக்காரர் தந்துவிட வேண்டும். போனில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது. உதவி எண் 15100.

செய்யக்கூடாதவை

• அட்வான்ஸையோ வாடகையையோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ ஜிபேயிலோ, 'மே மாத வாடகை', 'வீட்டு அட்வான்ஸ்' என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் போகக்கூடாது.

• லீஸ், ஒத்தி என்று லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று பார்க்காமல் இருக்காதீர்கள். வீடு அடமானத்தில் இருந்து வங்கி ஏலத்துக்கு வந்துவிட்டால், உங்கள் பணத்துக்குக் கடைசியில்தான் கதவு திறக்கும்.

• முழு ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' நகல் ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. நகலின் குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.

• கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி உங்களைக் காலி செய்யவைக்கச் சட்டப்படியான காரணம் ஆகிவிடும். வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

• 'கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க' என்று வாயால் சொல்லி முடிக்காதீர்கள். யோசனை நல்லதுதான், நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் வீட்டுக்காரரின் 'சரி' எழுத்தில் இருக்க வேண்டும்.

• வீட்டுக்காரர் தண்ணீரை, கரன்ட்டை நிறுத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். குடிநீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், பார்க்கிங், கழிவுநீர் வசதி எதையும் தகராறுக்காக நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு போடலாம்.

• 'நாளைக்கே காலி பண்ணு' என்ற அதட்டலுக்கு மூட்டை கட்டாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது.

• படுக்கையறையிலோ குளியலறையிலோ மறைவாகக் கேமரா கண்டால் கழற்றாதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்து போலீஸைக் கூப்பிடுங்கள். பெண்ணை அந்தரங்கத்தில் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம்.

• அட்வான்ஸுக்குப் பதிலாகச் சாவியைப் பிடித்து வைக்காதீர்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை வாடகை ஓடுகிறது என்றுதான் வீட்டுக்காரர் கணக்குச் சொல்வார். சாவியைக் கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதி வாங்குங்கள்.

• பணம் கணக்கில் ஏறும் முன் 'எல்லாம் தீர்ந்தது' என்ற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இந்த மாதமோ அடுத்த மாதமோ காலி செய்பவரா நீங்கள்? இன்று இரவே அக்ரிமென்ட்டை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். காலி செய்யும் தேதியைக் குறிப்பிட்டு வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுப் படுங்கள்.