உன் கையெழுத்தை யார் ஏற்பார்?

அன்புள்ள மருமகளுக்கு,

சிவில் முடித்த கையோடு வேல்யூவர் ஆகிவிடலாமா என்று கேட்டாயாம், அக்கா சொன்னாள். உடனே ஆக முடியாது. ஆனால் இப்போதே கேட்டது நல்லது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நிலத்தை அளந்து எல்லை காட்டுபவர் சர்வேயர். அந்த இடம் இன்று என்ன விலை போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் மதிப்பீட்டாளர். பக்கத்து மனைக்காரர் ஓரடி உள்ளே வந்துவிட்டார் என்ற தகராறை நாம் தீர்க்க முடியாது. ரிப்போர்ட்டில் குறிப்பிடலாம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1868-இல் தொடங்கிய ஆர்ஐசிஎஸ் அமைப்பில் இரு தொழிலுக்கும் ஒரே கூரை. அசோசியேட், மெம்பர், ஃபெல்லோ என்று படிப்படியாக ஏறலாம். நம் நாட்டில் அப்படி ஒரே ஏணி கிடையாது. உன் கையெழுத்தை யார் ஏற்க வேண்டுமோ, அவரைப் பொறுத்துப் பதிவும் மாறும்.

வரிக் கணக்குக்கென்று ஒரு பழைய பதிவு உண்டு. 1957-ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டம், பிரிவு 34ஏபி. வேடிக்கை என்னவென்றால், செல்வ வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வேல்யூவர் பதிவு மட்டும் தப்பிப் பிழைத்தது. பூர்வீக வீட்டை விற்பவர்கள் 2001 ஏப்ரல் 1 அன்று அதன் மதிப்பு என்ன என்று காட்ட அந்தப் பதிவு உள்ளவரைத் தேடி வருவார்கள். பட்டதாரிக்குப் பத்து ஆண்டு தொழில் அனுபவம் கேட்கும் பதிவு அது. உனக்கு இப்போது வேண்டாம்.

நீ குறிவைக்க வேண்டியது ஐபிபிஐ என்கிற திவால் வாரியத்தின் பதிவு. கம்பெனிச் சட்டத்தின் 247-ஆம் பிரிவுப்படி 2017-இல் வந்த விதிகள். நிலம்-கட்டடம், இயந்திரம், நிதிச் சொத்து என மூன்று வகை. உன்னுடையது முதல் வகை. பி.இ. என்றால் பட்டம் வாங்கியபின் ஐந்து ஆண்டு அனுபவம், எம்.இ. என்றால் மூன்று. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, 50 மணி நேர வகுப்பு முடித்து, கணினித் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதே. நொடித்த கம்பெனியின் சொத்தை இருவர் தனித்தனியே மதிப்பிடுவார்கள். இரண்டும் ரொம்ப விலகினால் மூன்றாமவர் வருவார்.

வங்கிகளின் பேனல் தனிக்கதை. ஒவ்வொரு வங்கியும் தானே ஆள் பார்த்துச் சேர்க்கும்.

இந்த ஐந்து ஆண்டையும் ஏசி அறையில் கழித்துவிடாதே. மூத்த வேல்யூவர் ஒருவரிடம் சேர்ந்து, பத்திர நகலோடு இடத்துக்குப் போ. ‘பொதுப்பாதைக்கு வடக்கு’ என்று பத்திரத்தில் இருந்தால், பாதை மனைக்குத் தெற்கே இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் பாதையை வடக்கே போய்த் தேடுவார்கள்! நான்கு மாலும், அதாவது நாலு பக்க எல்லையும், பொருந்துகிறதா என்று பார்த்தபிறகு டேப்பைப் பிடி. பட்டாவில் ஏர் கணக்கு, பத்திரத்தில் சென்ட், பார்ட்டி வாயில் கிரவுண்ட். சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, கிரவுண்டுக்கு 2400. எல்லாவற்றையும் சதுர அடிக்குக் கொண்டு வா. பத்திரத்தில் ஐந்து சென்ட், இடத்தில் நாலரைதான் என்றால் நாலரைக்கே மதிப்புப் போடு.

வழிகாட்டி மதிப்பை அப்படியே விலையாக எழுதிவிடாதே. அது முத்திரைத்தாள் கட்டணத்துக்காக அரசு வைத்திருப்பது. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரி. தரகர் சொல்வது கேட்கிற விலை, முடிந்த விலை வேறு. “கொஞ்சம் கூட்டிப் போடுங்க, லோன் வந்ததும் தனியா கவனிச்சுக்கிறோம்” என்பார்கள். காரியம் முடிந்தால் கட்டணம் என்ற பேச்சே கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறது. அதைச் சொல்லியே மறுத்துவிடலாம், வம்பில்லை.

எங்கே வேலை பார்த்தாலும், விலகும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் தெளிவாக எழுதிய அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள். ஐந்து ஆண்டு கழித்துத் தேடிப் போனால் அந்த ஆபீஸே இருக்காது.

அன்புடன்,
மாமா