மண்வாசனையும் மலேரியா மாத்திரையும்

கேள்வி: என் மைத்துனர் ஒரு மாத வேலையாக ஆப்பிரிக்கா புறப்படுகிறார். மலேரியா வராமல் இருக்க டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது சளிக்கும் சீழுக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக் ஆயிற்றே! மலேரியாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், வீரசோழன்

பதில்: டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் சந்தேகமும் நியாயமானது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. மலேரியாவோ பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. அது பாக்டீரியா இல்லை. பிறகு எப்படி மருந்து பிடிக்கிறது? விடை அந்த ஒட்டுண்ணியின் பூர்வீகத்தில் இருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிளாஸ்மோடியத்தின் மூதாதை ஒன்று, சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரணுவை விழுங்கியது. விழுங்கியதைச் செரிக்காமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அந்தப் பாசிக்குள் ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருந்தது. வெயிலில் உணவு சமைக்கிற பாக்டீரியா ஒன்றைப் பாசியின் மூதாதை அதற்கும் முன்பே விழுங்கி, தன் உறுப்பாக ஆக்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வந்த அந்த மிச்சம் இன்றும் மலேரியாக் கிருமிக்குள் இருக்கிறது. அதன் பெயர் அபிகோபிளாஸ்ட். அதைச் சுற்றி நான்கு உறைகள். இந்த உறுப்பு, செடிகளில் பச்சையத்தைத் தாங்கும் உறுப்புக்கு உறவு என்பது 1996-ல்தான் உறுதியானது.

ரத்தத்துக்குள் வெயில் ஏது? உணவு சமைக்கிற வேலை அதற்கு எப்போதோ நின்றுபோனது. ஆனால் சுமார் 35,000 எழுத்துகள் கொண்ட ஒரு வளைய டி.என்.ஏ.வும், புரதம் செய்கிற ரைபோசோம்களும் அதனிடம் மிஞ்சியிருக்கின்றன. இரண்டும் பாக்டீரியா வழி வந்தவை. டாக்சிசைக்ளின் அந்த ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. ஒட்டுண்ணி உயிர்வாழத் தேவையான ஒரு மூலப்பொருள் இந்த உறுப்பில்தான் தயாராகிறது. அது கிடைக்காவிட்டால் சந்ததி தழைக்காது.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இதைச் செய்துவிடாது. பென்சிலின் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுக்கிற மருந்து. மலேரியாக் கிருமிக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் பென்சிலின் இங்கே பயன்படாது.

கேள்வி: இந்த மருந்து முதலில் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, திருச்சுழி

பதில்: மண்ணிலிருந்து. கோடையில் காய்ந்து கிடக்கும் கரிசலில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை எழும்பும் இல்லையா? அந்த மண்வாசனையை உண்டாக்குவதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் இந்த மருந்து வகைக்கும் தாய்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்து வயல் ஒன்றில் எடுத்த பிடிமண்ணில் பொன்னிறமாக வளர்ந்த ஒரு கிருமி கிடைத்தது. அதிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார். பொன்னிறத்தை வைத்தே அதற்கு ஆரியோமைசின் என்று பெயர். உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1948.

அந்த வேலை நடந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றுதான் கிடைத்தது. அவர் வழிநடத்திய கூடத்தில்தான் யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் உருவானது. ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948-ல், ஆகஸ்ட் மாதம் அவர் இறந்துபோனார். நம் பிள்ளைகள் பள்ளியிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

ஆரியோமைசினைத் தொடர்ந்து 1950-களில் டெட்ராசைக்ளின் வந்தது. அதே வரிசையில் 1967-ல் டாக்சிசைக்ளின் புழக்கத்துக்கு வந்தது.

கேள்வி: மலேரியாவுக்குக் கொய்னா, குளோரோகுயின் எல்லாம் இருந்தனவே. ஆன்டிபயாடிக் ஏன் தேவைப்பட்டது?
– ஒரு வாசகர், நரிக்குடி

பதில்: முதலில் தேவைப்படவில்லை. கொய்னா மரத்தை 1860-களிலேயே நீலகிரியில் பயிரிட்டு, நடுவட்டத்தில் மருந்தும் தயாரித்தார்கள். பிறகு குளோரோகுயின் வந்தது. மலிவு, வேகமும் அதிகம். ஆரியோமைசின் வந்த புதிதிலேயே அதை மலேரியாவுக்கும் சோதித்துப் பார்த்தார்கள். வேலை செய்தது, ஆனால் மெதுவாக. அதனால் ஒதுக்கிவைத்தார்கள்.

1950-களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயினுக்கு மசியாத கிருமி தலைகாட்டியது. 1973-ல் அது நம் அஸ்ஸாமிலும் தெரிந்தது. அப்போதுதான் ஒதுக்கிவைத்ததை மறுபடி கையில் எடுத்தார்கள். கொய்னா வேகமாகக் கிருமியைக் குறைக்கும். டெட்ராசைக்ளின் மிச்சத்தைத் தீர்க்கும். இன்று தீவிர மலேரியாவுக்கு முதல் மருந்து ஆர்ட்டிசுனேட் ஊசி. கொய்னா கொடுக்க நேர்ந்தால் அதனுடன் டாக்சிசைக்ளின் சேரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதற்குப் பதில் கிளிண்டாமைசின், அதுவும் ஆன்டிபயாடிக்தான்.

மெதுவாக ஏன்? மருந்து பட்ட ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. அந்தச் சுற்றில் பெருகிவிடும். பழுதான உறுப்போடு பிறக்கிற அடுத்த தலைமுறைதான் அழியும். ஒரு சுற்று சுமார் 48 மணி நேரம். ஆபத்தான காய்ச்சலில் இந்தத் தாமதம் உயிரைக் கேட்டுவிடும். எனவே சிகிச்சையில் டாக்சிசைக்ளின் துணை மருந்து மட்டுமே, தனியாக ஒருபோதும் போதாது.

கேள்வி: மழையே பெய்யாத எங்கள் பூமியில் மலேரியா ஏது? வந்தாலும் மெடிக்கலில் இந்த மாத்திரையை வாங்கிப் போட்டால் போதாதா?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இரண்டு எண்ணமும் ஆபத்தானவை. கண்மாய் வறண்டால் நாம் என்ன செய்கிறோம்? தொட்டியிலும் அண்டாவிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவுக்கு அந்தத் தெளிந்த நீர்தான் பிடிக்கும். கிணறும் மாடித்தொட்டியும் நிறைந்த சென்னையில் மலேரியா பரவியது இந்தக் கொசுவால்தான். ஆறே இல்லாத ராமேஸ்வரம் தீவிலும் மலேரியா நெடுங்காலம் இருந்தது. வெளிநாட்டிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் திரும்புகிறவர் ரத்தத்தில் கிருமி இருந்து, ஊரில் கொசுவும் இருந்தால் அதுவே போதும்.

நம் பக்கம் அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. அது கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். பதுங்கியதை டாக்சிசைக்ளின் கொல்லாது. அதற்கு 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். நீங்களாக மாத்திரை போட்டால் காய்ச்சல் தணிந்ததுபோல் தெரியும், நோயோ உள்ளே இருக்கும்.

வீரசோழன் வாசகருக்கு ஒரு வார்த்தை. மைத்துனரிடம் சொல்லுங்கள்: தினம் 100 மி.கி., புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடக் கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் அசிடிட்டி மருந்தையும் அதே நேரத்தில் சேர்த்துப் போடக் கூடாது. வெயில் பட்டால் தோல் எரியும், மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளும் இதைச் சாப்பிடவே கூடாது. மாத்திரை போட்டாலும் கொசுவலையை விடக் கூடாது.

திரும்பி வந்தபின் எப்போது குளிர்காய்ச்சல் வந்தாலும் முதலில் ரத்தத்தைச் சோதிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை.