பெண்ணையாற்றங்கரையிலிருந்து திமிங்கலம் பார்க்க

மூங்கில்துறைப்பட்டில் நின்றுகொண்டு திமிங்கலம் பார்க்க வழி கேட்டால், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திச் சிரிப்பார். பக்கத்தில் சாத்தனூர் அணையில் முதலை உண்டு, அதோடு சரி. ஆனால் ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை கடலூர் பக்கம் போய்க் கலக்கிறதே வங்கக்கடல், அதே கடலில்தான், திருகோணமலைக்கு எதிரே, உலகத்தின் மிகப் பெரிய பிராணி வந்து மூச்சு விடுகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டிவியில் முழு உடம்போடு எம்பிக் குதிக்கிற கூன்முதுகுத் திமிங்கலத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அரபிக்கடலில் ஓமன் பக்கம் அதில் ஒரு கூட்டம் இருக்கிறது. துருவத்துக்கும் வெப்பக்கடலுக்கும் அலையாமல் அங்கேயே வாழ்கிறது. ஓமன் கரையில் எடுத்த கணக்கில் நூறுகூடத் தேறவில்லை. இலங்கைப் பக்கம் அது தலைகாட்டினால் அபூர்வம். இங்கே நீங்கள் பார்க்கப்போவது நீலத் திமிங்கலம். அதிர்ஷ்டம் இருந்தால், அம்பர்கிரிஸ் கடத்தல் என்று பேப்பரில் வருமே, அந்தச் சரக்கின் சொந்தக்காரரான ஸ்பெர்ம் திமிங்கலமும் கிடைக்கும். தமிழ்நாட்டில் நமக்குத் திமிங்கலம் என்றால் கரையொதுங்கிய படம்தான். 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கியது நினைவிருக்கும். உயிரோடு, அதன் கடலிலேயே பார்ப்பது வேறு விஷயம்.

திருகோணமலையில் கரையை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இறங்குகிறது. அதனால்தான் ஆழ்கடல் பிராணி இவ்வளவு கிட்டே வருகிறது. 1980-களில் ‘டூலிப்’ என்ற ஆய்வுப் படகு இங்கே சுற்றிய பிறகே வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

எப்போது போவது? கிழக்குக் கரைக்கு மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை. தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கே மிரிஸ்ஸ கடல் கொந்தளிக்கும்போது இந்தப் பக்கம் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மிரிஸ்ஸவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல். அங்கே பெரிய படகு, வசதி அதிகம், கூட்டமும் அதிகம். என்னைக் கேட்டால் திருகோணமலைதான். சின்னப் படகு, தண்ணீர் கைக்கெட்டும், படகுக்காரரோடு தமிழிலேயே பேசலாம்.

போகிற வழி: திருக்கோவிலூர், விழுப்புரம், கடலூர் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கினார்கள். நடுவில் நின்று மறுபடி ஓடியது, மழைக்காலத்தில் நிற்கும். ஆகவே கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பல் இல்லாவிட்டால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ விமானம். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை அரைநாள் பஸ் பயணம். பாஸ்போர்ட்டோடு இணையத்தில் பயண அனுமதியும் எடுத்துவிட வேண்டும்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்கினால் விடிகாலையில் படகு ஏறலாம். ஒரு மணி நேரம் முன்பே அவோமின் போட்டுக்கொள்ளுங்கள். ‘ஆற்றில் பரிசலில் போகாத ஆளா நான்’ என்று வீறாப்பாக மாத்திரையைத் தொடாமல் ஏறி, முதல் அரைமணியில் காலை இட்லி இரண்டையும் கடலுக்குக் கொடுத்தவன் நான். எஞ்சின் புகை அடிக்காத இடமாக உட்கார்ந்து, அடிவானத்தையே பாருங்கள். போனில் படம் பார்த்தீர்களோ, தொலைந்தீர்கள்.

பிறகு காத்திருப்புதான். படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நிற்பார். “அந்தா ஊதுது, பாருங்கோ!” தூரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைப் புகைத்தூண், தென்னை உயரம், அது மூச்சு. முன்பக்கம் சாய்ந்து ஊதினால் ஸ்பெர்ம் திமிங்கலம். சற்றுப் பொறுத்து முதுகு வரும். வந்துகொண்டே இருக்கும், இரண்டு டவுன் பஸ்ஸை முட்ட நிறுத்திய நீளம். கடைசியில்தான், மறந்துபோனதைப் போல, ஒரு குட்டித் துடுப்பு. சில தடவை மூச்சு வாங்கியபின் வால் மேலே எழும், தண்ணீர் திரைபோல் வழியும், ஓசையே இல்லாமல் உள்ளே போய்விடும். அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல வழுவழுவென்று ஒரு வட்டம் நிற்கும். பத்து நிமிஷமாவது ஆகும், மறுபடி வர. சிலசமயம் செங்கல் நிறத்தில் ஏதோ மிதக்கும். திமிங்கலச் சாணம்தான், தின்ற கூனிறால் நிறம்.

படகு பேசும்போதே, துரத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. இறங்கி நீந்தலாம் என்று ஆசைகாட்டுகிறவரோடு போகாதீர்கள். சுற்றி வளைத்தால் அது மூச்சு வாங்காமலே மூழ்கிவிடும். உங்களுக்கும் காட்சி போச்சு.

ஒன்றும் தென்படாத நாளும் உண்டு. அப்படியானால் சாயங்காலம் கோணேசர் கோயிலுக்குப் போங்கள். சுவாமிமலைப் பாறை உச்சியில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரோரம் நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். அங்கிருந்தும் அந்தப் புகைத்தூண் தெரிவதுண்டு.