மலைமேல் பழி போடாதீர்கள்

“மலைன்னா அப்படித்தான் சார். அங்க ரோடும் ஆஸ்பத்திரியும் எப்படிக் கொண்டுபோறது?” தேனி மாவட்டத்தில் போடிக்குப் பக்கத்துச் சிலமலையின் டீக்கடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குரங்கணிக்கு மேலே இருக்கும் மலைக் குடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்தவர்களும் இதையே சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். புவியியல் பாடம் நடத்துகிறவன் சொல்கிறேன்: இது சுத்தப் பொய்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே சரிவில் என்ன நடந்தது? மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் சுமார் 5 கி.மீ. இறங்கிக் கொட்டகுடி அடிவாரம் சேர்ந்து, வண்டி ஏறிப் போடிக்கு வந்தது. 1902-ல் மோனோ ரயிலாகத் தொடங்கி, 1908-ல் குறுகிய பாதை ரயிலாக மாறிய அந்தத் தடத்தை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தேயிலைக்கு வழிவிட்ட மலைதான் இது. ஆனால் பெரியகுளத்துக்கு மேலே உள்ள மலைக்கிராமங்களான சின்னூர், பெரியூரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், கம்பில் போர்வையைக் கட்டி, அதில் படுக்கவைத்து, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்து இறக்குகிறார்கள். தேயிலைக்கு முதல் போட ஆள் இருந்தது, மனுஷனுக்கு இல்லை. இதில் மலை செய்த குற்றம் என்ன?

“வனத்துறை விடாது, சட்டத்தில் இடமில்லை” என்பது அடுத்த சாக்கு. 2006 வன உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தீர்களா? பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலம் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 3(2). ஒவ்வொன்றுக்குமான நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் 3 கி.மீ. பாதை போட்டால் 0.9 ஹெக்டேர்தான் ஆகிறது. கணக்கே போடாமல் ‘முடியாது’ என்கிறோம்.

“108-ஐக் கூப்பிட்டா வந்துரும்” என்பார்கள். வரும், சாலை முடிகிற இடம் வரைக்கும். “நாலு குடும்பத்துக்கு யார் செலவு பண்ணுவா?” என்றும் கேட்பார்கள். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்று அரசே அளவைக் குறைத்திருக்கிறது. அதுவும் போதாது. தலையை எண்ணுவதை விட்டு, நடக்கிற நேரத்தை எண்ண வேண்டும்.

எல்லா இடத்துக்கும் தார் ரோடு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரோப்வேயைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்கிறேன். கொலம்பியாவின் மெடலின் நகரம் மலைச்சரிவில் வாழும் ஏழைகளுக்காக 2004-லேயே கேபிள் கார் விட்டது. நம் மத்திய அரசும் 2022-ல் பர்வதமாலா என்று ரோப்வே திட்டம் அறிவித்தது. சுற்றுலாக்காரர்களுக்கு முன்னால் நோயாளியும் ரேஷன் மூட்டையும் அதில் ஏறட்டும்.

மேலே உள்ள குடிகள் கிராம சபை கூட்டி, 3(2)-ன் கீழ் தீர்மானம் போட வேண்டும். சிலமலையிலும் போடியிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, அதற்கான விண்ணப்பத்தை எழுத அவர்களோடு கூட இருந்து உதவுங்கள்.