வெட்டின் அகலமும் சிறுநீர்ப்பையும்



கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ராடிக்கல் ஹிஸ்டரெக்டமி செய்துகொண்ட பெண் பத்து நாள் கழிந்தும் யூரின் டியூபோடு படுத்திருந்தால், "டாக்டர் கைதவறிட்டாரோ?" என்று உறவினர் கேட்பார்கள். மலர்விழி, செவிலியர் படிப்பில் இருக்கும் உனக்கும் அந்தச் சந்தேகம் வரலாம். கைதவறுவதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் இது அந்த அறுவையின் இயல்பிலேயே இருக்கும் விளைவு. 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் இதைத் தொடங்கியபோது, கருப்பையோடு இருபுறத் திசுக்களையும் யோனியின் மேற்பகுதியையும் சேர்த்தே எடுத்தார்; புற்று பரவும் வழி அது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயும் அதே திசுவுக்குள், கருப்பைத் தமனிக்கு அடியில் நுழைந்துதான் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. பையைச் சுருக்குகிற, நிறைந்ததை உணர்த்துகிற நரம்புகளும் அங்கேதான் பின்னிக் கிடக்கின்றன. குழாயைப் பிரித்தெடுக்கையில் அதன் இரத்த ஓட்டம் கெட்டால், சில நாளில் அது பொத்துக்கொண்டு யோனி வழியே சிறுநீர் ஓயாமல் கசியும். இது அரிது. நரம்பு அறுந்தாலோ பை நிறைந்ததே தெரியாது, முக்கினால்தான் போகும். வார்டில் நீ அதிகம் பார்க்கப்போவது இதைத்தான்.

உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்பார்கள். அகன்ற வெட்டு உயிரைக் காக்கும் இடத்தில் அந்த வாதம் சரி. எல்லா இடத்திலும் அது காக்கிறதா என்பதே கேள்வி. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாத, ஆழமாகப் பரவாத 700 பெண்களிடம் நடந்த 'ஷேப்' ஆய்வு 2024இல் வெளியானது. மூன்றாண்டில் இடுப்புக் குழியில் நோய் திரும்பியது அகன்ற அறுவையில் 2.17 சதவீதம், பக்கத் திசுக்களை விட்டுவைக்கும் எளிய அறுவையில் 2.52. நான்கு வாரம் கடந்தபின் சிறுநீர் தேங்கல் முன்னதில் 9.9 சதவீதம், பின்னதில் 0.6. இந்த வகை நோயாளிக்குப் பழைய அகலத்தையே பிடித்துக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். (தழும்பு சிறிதென்றால் அறுவையும் சிறிது என்று எண்ணிவிடாதே. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் வழியிலும் உள்ளே வெட்டு அதே அகலம்தான். 2018இல் வந்த ஆய்வில் வயிற்றைத் திறந்து செய்வதைவிட அவ்வழியில் நோய் திரும்பியதும் கூடுதல்.)

கட்டி பெரிதானால் நரம்பை விட்டுவைப்பது புற்றையும் விட்டுவைப்பதாகாதா? நியாயமான அச்சம். அதனால்தான் ஜப்பானில் தோன்றி வளர்ந்த நரம்பு காக்கும் முறையை நோய் எட்டாத பக்கத்தில் மட்டும் செய்வதும் உண்டு. அதை முடிவு செய்வது அறுவை மருத்துவர்.

உன் பொறுப்பு டியூபை எடுத்த பிறகு. "யூரின் போகுதாம்மா?" என்றால் "போகுது" என்றுதான் பதில் வரும், பாதி உள்ளே தேங்கியிருந்தாலும். தேங்கிய நீர் தொற்றைக் கூட்டும், நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். போய்விட்டு வந்ததும் ஸ்கேனில் மிச்சத்தைப் பார். 100 மி.லி.க்கு மேல் தொடர்ந்து நின்றால் மருத்துவரிடம் சொல். தானே டியூப் செருகி எடுக்கும் பழக்கம் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கற்றுக்கொடு. 1972இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் லாப்பிடீஸ் காட்டியபடி, இதற்குச் சுத்தமான கை போதும், முழுக் கிருமிநீக்கம் தேவையில்லை. அளவு பார்க்காமல் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதே.